பழைய பெட்டியில் கிடைத்த பிங்க் ஃப்ளாய்ட் இசைத்தட்டுகளை எப்படிக் கேட்பது?

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கானாடுகாத்தான் பக்கம் உங்கள் பூர்வீக வீட்டு மாடியறையில், தேக்குப் பெட்டிக்குள், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் தட்டுகள் நான்கு கிடைத்திருக்கின்றன. அதே அறையில் புனல் வைத்த பழைய கிராமபோனும் இருக்கிறது. அதில் போட்டுப் பார்க்கலாமா என்பது ஒரு கேள்வி. போனில் யூடியூபில் கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை, ஐம்பது வருஷமாக ரசிகர்கள் ஏன் இதையே விடாமல் கேட்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான பதில் பெரும்பாலும் முதலாவதற்குள்தான் இருக்கிறது. இந்த இசை எந்த அளவுக்கு ஒழுங்காக ஒலிக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பிடிபடும். அதனால் முள்ளிலிருந்து தொடங்குகிறேன்.

கிராமபோனில் போடாதீர்கள், ஒரே ஒரு தடவைகூட. சாவி கொடுத்துச் சுற்றும் அந்தப் பெட்டி நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. அந்தத் தட்டுகள் அரக்கும் கல்மாவும் கலந்தவை, கனமானவை, கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். அவற்றின் மேல் இரும்பு முள் 100 கிராமுக்கும் அதிகமான பாரத்தோடு உட்காரும். உங்கள் கையில் இருப்பவை நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும், வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன எல்பிகள். அவற்றில் இசை பதிந்திருக்கும் பள்ளத்துக்கு ஏற்ற முள்ளின் நுனி ஏறக்குறைய 18 மைக்ரான். 78க்கான முள் அதைப்போல நான்கு மடங்கு பருமன். நல்ல பிளேயரில் எல்பி மேல் விழும் பாரம் ஒன்றரை முதல் இரண்டரை கிராம்தான். இரும்பு முள்ளை இறக்கினால் முதல் சுற்றிலேயே பள்ளத்தின் சுவர் சீவப்பட்டுவிடும். போனது போனதுதான், எந்தக் கழுவலும் அதைத் திருப்பித் தராது.

அந்தப் பெட்டியில் 78 தட்டுகளும் கலந்து கிடந்தால் முதலில் பிரித்து வையுங்கள். கழுவும் முறை இரண்டுக்கும் வேறு. எல்பிக்குக் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும்.

எல்பி கழுவ ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், 50 முதல் 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வாசனை சேர்க்காத திரவ சோப்பு இரண்டே சொட்டு போதும். ஆல்கஹால் கூடவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு, கால் பங்குவரை சேர்ப்பவர்களும் உண்டு. அந்த வாதம் இன்னும் தீரவில்லை. இவ்வளவு குறைந்த அளவால் கெடுதல் வர வாய்ப்புக் குறைவு. பூஞ்சை இல்லாத தட்டுக்கு அதுவும் வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் சந்தேகமே வேண்டாம்: போர் தண்ணீரில் கழுவாதீர்கள். ஆவியானதும் உப்பு பள்ளத்துக்குள் படிந்து, கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகப் பொரியும். மருந்துக் கடையிலோ பேட்டரிக் கடையிலோ டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும். பேட்டரிக் கடையில் வாங்கினால் அது ஆசிட் இல்லை, வெறும் தண்ணீர்தான் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூஞ்சைப் பொடி பறக்கும் என்பதால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, முதலில் மென்மையான பிரஷால் உலர்ந்த தூசியைத் தட்டுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஈரத்துணி வைத்தால் தூசி மணல்தாள் மாதிரி தேய்க்கும். பிறகு நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து அழுத்திக்கொண்டு, நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாக நாலைந்து சுற்றுத் துடையுங்கள். குறுக்கே துடைக்காதீர்கள். வேறு துணியில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் எடுத்து இரண்டு முறை அலசுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் அதுவே முள்ளில் களிம்பாகச் சேரும். பாத்திரம் காயவைக்கும் ஸ்டாண்டில் நிற்கவைத்து இரண்டு மணி நேரம் நிழலில் காயட்டும். பழைய உள்ளுறையில் திரும்பப் போட்டால் கழுவிய பலன் போய்விடும், புதிய உறை வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது, வெள்ளைப் பசை தடவி உரிப்பது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும். பசை ஓர் ஓரத்தில் உரியாமல் நின்றுவிட்டால் அந்தப் பக்கம் வீண்.

ஒரு தட்டு வளைந்திருப்பதாகப் படம் போட்டிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்து எவ்வளவு வளைவு என்று சொல்ல முடியாது. தட்டைச் சுற்றவிட்டு ஓரத்தைக் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மெதுவாக ஏறி இறங்கினால் முள் தாங்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் வெடுக்கென்று தூக்கினால் முள் துள்ளும். கண்ணாடித் தகடு இரண்டின் நடுவே வைத்து, மேலே நாலு கிலோ பாரத்தோடு ஒன்றிரண்டு மாதம் விட்டால் இலேசான வளைவு குறையலாம், குறையாமலும் போகலாம். வெயிலில் காட்டுவதும் இஸ்திரிப் பெட்டி வைப்பதும் வேண்டாம். 60 டிகிரியைத் தாண்டினால் வினைல் இளகத் தொடங்கும். அதற்குக் கீழேயும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாரத்தில் பல சித்திரை வெயில்களைப் பார்த்தால் தட்டு மெல்ல வளையும். ஓட்டுக்கூரைக்கு அடியில், படுக்கைவாட்டில், ஒரு பெட்டிக்குள் இருந்த தட்டுகளில் ஒன்றுதான் வளைந்திருக்கிறது என்றால் அது பெரிய அதிர்ஷ்டம். இனி அவற்றைப் புத்தகம் போல நிமிர்த்தி, கீழ்த்தளத்தில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். கரையானுக்கு அட்டை என்றால் கொள்ளை ஆசை.

பிளேயர் வாங்கும்போது சூட்கேஸ் வடிவில் விற்கும் மலிவானவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பல, செராமிக் கார்ட்ரிட்ஜோடு (முள் பொருத்திய பாகம்) ஐந்தாறு கிராம் பாரத்தில் ஓடுபவை. முள்ளைத் தாங்கும் கைக்குப் பின்புறம் எடைக்கல் வைத்து, பாரத்தை நாமே மாற்றக்கூடியதாகப் பாருங்கள். முதலில் கை அந்தரத்தில் சமமாக மிதக்கும்வரை எடைக்கல்லைத் திருகி, அங்கே அளவு வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு கார்ட்ரிட்ஜ் தயாரித்தவர் சொன்ன எண்ணுக்குத் திருப்ப வேண்டும். கை உட்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி ஸ்கேட்டிங் குமிழும் அதே எண்ணில். பாரம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. குறைந்தால் முள் பள்ளத்துக்குள் நிலைக்காமல் அடித்துக்கொண்டு சுவரைச் சேதப்படுத்தும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் பழைய பிளேயர் கொண்டுவந்து தருவதாக இருந்தால் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏசி மோட்டாரில் ஓடும் பழைய பிளேயர் இங்கே 33⅓க்குப் பதில் ஏறக்குறைய 27.8 சுற்றுதான் சுற்றும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இது தீராது. சிங்கப்பூர், மலேசியப் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 50தான். வேகத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை வைத்துச் சுற்றவிட்டு எண்ணுங்கள்: மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும்.

பிளேயரிலிருந்து வரும் மின்சைகை சில மில்லிவோல்ட்தான். அதோடு, தட்டில் வெட்டும்போதே அடிநாதத்தைக் குறைத்தும் உச்சநாதத்தைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். 1954 முதல் இதற்குப் பொது அளவுகோல் உண்டு. அதைத் தலைகீழாக்கித் திருத்துவது போனோ பிரீஆம்ப். ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) ‘போனோ’ என்று எழுதிய துளை இருந்தால் அதில் செருகுங்கள், இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும். சாதாரண ஆக்ஸ் துளையில் செருகினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து கேட்கும். பிளேயருக்குள்ளும் பிரீஆம்ப், ஆம்பிலும் பிரீஆம்ப் என்று இரண்டு தடவை ஏறினால் அடிநாதம் முழங்கிச் சிதறும். எர்த் ஒயரை மறந்தால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கூடவே வரும்.

இனி வீட்டு விஷயம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வைத்துக் கேட்கும் ஆசை யாருக்கும் வரும். அங்கே நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் தரை, முட்டைவெள்ளை கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், வரிசையாகத் தூண்கள். தட்டின ஓசை உடனே அடங்காமல் வழுக்கிக்கொண்டு போகும். நாகஸ்வரத்துக்கு அது அழகு சேர்க்கும். ஆனால் இந்தக் குழு எதிரொலியையும் இடைவெளியையும் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே அளந்து வைத்திருக்கிறது. வீட்டின் எதிரொலி அதன்மேல் ஏறினால் இரண்டும் குழம்பிவிடும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை எடுத்து, தரையில் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் மெத்தையைச் சாய்த்து, மூலையில் சுருட்டிய பாய்களை நிறுத்தினாலே போதும். மறுபடி கை தட்டினால் ஓசை சட்டென்று நிற்கும். ஸ்பீக்கர் இரண்டும் ஆறடி இடைவெளியில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நீங்கள் உட்காருமிடத்தோடு சேர்த்து முக்கோணமாக. பிளேயரை ஸ்பீக்கர் நிற்கும் மேசையில் வைக்காதீர்கள், அதிர்வு முள்ளுக்குத் திரும்பிப் போய் ஊளையிடும். கனமான சுவரிலுள்ள மாடம் அகலமாக இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துச் சமம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. போனில் ஏன் பிடிபடவில்லை என்பதற்குக் காரணம் உங்கள் ரசனை இல்லை. 1973இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஓர் இதயத் துடிப்போடு தொடங்குகிறது. குழுவின் டிரம்மர் நிக் மேசனின் பாஸ் டிரம்மில் எழுப்பியது. அந்த ஆழத்து ஓசையைப் போனின் சின்ன ஸ்பீக்கரால் தர முடியாது. அதாவது, முதல் அரை நிமிடம் உங்களுக்கு மௌனமாகவே போயிருக்கும். மேலும், அந்தத் தட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளி கிடையாது, ஒன்று இன்னொன்றுக்குள் கலந்து போகிறது. நடுவில் விளம்பரம் வந்தாலோ பாட்டை மாற்றி மாற்றிப் போட்டாலோ, கோவைப்பழ மாலையை அறுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பது போலத்தான். ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம். அதை ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்றே கட்டியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் ஒலி குறைவாக இருக்கிறதே என்று வால்யூமைக் கூட்டாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. இரண்டாவது பாட்டான ‘பிரீத்’தில் கிடார் சுகமாகக் கேட்கும் அளவில் நிறுத்திவிட்டு, முள்ளை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் ‘டைம்’ தொடங்கும்போது கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அலறுகையில் தூக்கிவாரிப்போடும். அந்தக் கடிகாரங்களை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடையில் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு ஒன்றுசேர்த்தார். அதற்கு முந்தைய ‘ஆன் தி ரன்’னில் காலடியோசை ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும்; ஓடவில்லையென்றால் ஒரு பக்க ஒயர் சரியில்லை.

தட்டின் கோளாறு எது, இசையில் உள்ளது எது என்று புதிதாகக் கேட்பவர்களுக்குக் குழப்பம் வரும். கீறலால் வரும் ‘டிக்’ 1.8 விநாடிக்கு ஒரு தடவை ஒழுங்காகத் திரும்பி வரும், ஏனென்றால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அது. அந்தக் கணக்கில் வராதது பெரும்பாலும் தூசி, அல்லது அவர்களே வைத்தது. 1975இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ தட்டின் தலைப்புப் பாட்டு, பழைய ரேடியோவிலிருந்து வருவது போல மெலிந்து கரகரத்துத்தான் தொடங்கும். ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், கொஞ்ச நேரத்தில் இன்னொரு கிடார் அறைக்குள்ளேயே உட்கார்ந்து வாசிப்பது போல வந்து சேரும்.

‘டார்க் சைட்’ தட்டுக்குத் திரும்புவோம். அதன் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. கிளேர் டோரி என்ற பாடகி வார்த்தையே இல்லாமல் பாடியது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே புரியும். எழுவது, உச்சத்தில் நின்று தவிப்பது, மெல்ல இறங்கி அடங்குவது. அன்றைக்கு அவருக்குக் கொடுத்த கூலி 30 பவுண்டு. 2004இல் அவர் வழக்குப் போட்டு, அடுத்த ஆண்டு சமரசமான பிறகுதான் இசையமைப்பில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது. உங்கள் முள்ளைச் சோதிக்கவும் இதைவிட நல்ல இடம் இல்லை. தட்டின் வெளியோரத்தில் பள்ளம் விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வேகத்தில் முள்ளைக் கடக்கும், உள்ளே வரவர அது 21க்கு இறங்கிவிடும். அதே ஒலியை நெருக்கமான இடத்தில் எழுதியாக வேண்டும். முள் தேய்ந்திருந்தாலோ கோணம் தவறியிருந்தாலோ அவர் குரல் உச்சத்துக்குப் போகும்போது பிளந்து கரகரக்கும். ‘பிரீத்’ சுத்தமாகவும் இது கரகரப்பாகவும் இருந்தால் முதலில் முள்ளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் தீரவில்லையென்றால், முன்பு யாரோ மோசமான முள்ளில் ஓட்டித் தட்டே தேய்ந்திருக்கிறது.

தட்டைத் திருப்பினால் ‘மனி’. சில்லறை விழுவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று ஏழு ஓசைகள் சுற்றிச் சுற்றி வரும். இந்த ஓசைகள் பதிவான டேப்பை அடிக்கோலால் அளந்து சம நீளமாக வெட்டி ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டார்கள். பாட்டும் ஏழு எண்ணிக்கையில்தான் போகிறது. ‘தகிட தகதிமி’ என்று போட்டுக்கொண்டே வந்தால் தவறாமல் ஆவர்த்தத்தின் தொடக்கத்தில் வந்து விழுவீர்கள். நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவைப் பார்த்து அவர்கள் செய்தார்கள் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை ஒன்று, நடை வேறு. சாக்ஸபோன் முடியும்வரை ஏழு. டேவிட் கில்மோரின் கிடார் தனி தொடங்கும் இடத்தில் நான்குக்கு மாறி, முடிந்ததும் மறுபடி ஏழு. அந்த மாற்றத்தை உங்கள் விரல்களே உங்களுக்குச் சொல்லும்.

இத்தனை காலம் நிலைத்ததற்கு என்ன காரணம்? உறுதியாகச் சொல்லக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது: 1973 முதல் 1988 வரை ‘டார்க் சைட்’ தட்டு அமெரிக்காவின் பில்போர்டு இசைத்தட்டுத் தரவரிசைப் பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. ஏன் என்பது அபிப்பிராயம். என் கணிப்பில், அவசரப்படாததுதான் காரணம். ‘விஷ் யூ வேர் ஹியர்’ தட்டிலுள்ள ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ பாட்டு, குழுவின் பழைய தோழர் சிட் பாரெட்டை நினைத்துச் செய்தது. அதன் அடையாளமான, கிடாரின் நான்கு சுரங்கள் வருவதற்கே ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும், பாடும் குரல் எட்டு நிமிடத்துக்குப் பிறகுதான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மற்றவை வழிவிட்டு நிற்கின்றன. அதனால் முதல் தடவை கிடாரையும், பத்தாவது தடவை ரைட்டின் கீபோர்டையும், அதற்கும் பிறகு ரோஜர் வாட்டர்ஸின் பாஸையும் தனியாகப் பின்தொடர இடம் கிடைக்கிறது. வினைலில் கேட்டால்தான் உயிர் என்பார்கள் சிலர். இரைச்சல் குறைவு, ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு இடம் என்ற அளவில் பார்த்தால் சிடியே மேல். தட்டு செய்யும் உபகாரம் வேறு: எழுந்து போய்த் திருப்ப வேண்டியிருப்பதால் உட்கார்ந்து கேட்கிறோம்.

நான்கில் எதை முதலில் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ‘டார்க் சைட்’, பிறகு ‘விஷ் யூ வேர் ஹியர்’. அடுத்து 1971இன் ‘மெடில்’, அதில் இரண்டாம் பக்கம் முழுவதும் ‘எக்கோஸ்’ என்ற ஒரே பாட்டு, 23 நிமிடம். 1977இன் ‘அனிமல்ஸ்’ கோபமான தட்டு, கடைசியாக இருக்கட்டும். வளைந்த தட்டு எதுவோ, அதை முதல் நாளே போடாதீர்கள், கை பழகட்டும். ‘டார்க் சைட்’ உறைக்குள் இரண்டு போஸ்டரும் இரண்டு ஸ்டிக்கரும் இருக்கின்றனவா என்று பாருங்கள், முதலில் வெளியிட்டபோது வைத்துக் கொடுத்தவை அவை. விரியும் உறையாக இருந்தால் உட்புறத்து வண்ணப் பட்டையில் பச்சைக் கோடு மட்டும் இதயத் துடிப்பாக எகிறும். அந்தத் துடிப்பேதான் இரண்டாம் பக்கத்தின் முடிவிலும் வரும். ‘எக்லிப்ஸ்’ உச்சத்தில் நின்றதும் முடிந்துவிட்டது என்று கையைத் தூக்கிவிடாதீர்கள். அபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிற்காவலர் ஜெர்ரி ஓ டிரிஸ்கால் பேசிய ஒன்றிரண்டு வாக்கியம் கேட்கும், துடிப்பு மெல்ல மெல்லத் தேயும். அது முழுக்க அடங்கி, முள் கடைசி வெற்றுப் பள்ளத்தில் சுற்றும் ஓசை வந்த பிறகு முள்ளை உயர்த்தும் நெம்புகோலைத் தூக்குங்கள்.